நாலு இழு, ஆறு விடு

ஊரில் பாதிப் பேருக்கு அவளை பிரேக் மேடம் என்றுதான் தெரியும். டிரைவிங் ஸ்கூலில் ஒன்பது வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அவள் காரில் மட்டும் அந்த பிரேக்கின் ரப்பர் வருடத்துக்கு ஒரு தடவை வழுவழுவென்று தேய்ந்துவிடும். மெக்கானிக் அதைக் கழற்றும்போதெல்லாம், "ஓட்டுறவங்க பக்கம் புதுசாவே இருக்கு மேடம், உங்க பக்கம்தான் இப்படி" என்று தோள் குலுங்கச் சிரிப்பார்.

அவருக்குச் சிரிப்பு. இவளுக்கல்லவா தெரியும். எதிரே லாரி வந்தால் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொள்ளும் பல் டாக்டரைக் கூட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்கு மேம்பாலம் ஏற வேண்டும். அவரை இறக்கிவிட்டதும் முடிதிருத்தும் கடைக்காரர் ஏறுவார். வலது பக்கம் திரும்பச் சொன்னால் இடது பக்கம் திரும்பிவிட்டு, "நான் உங்க வலதுன்னு நினைச்சுட்டேன் மேடம்" என்பார். இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது அவர் வலது வேறு, இவள் வலது வேறாக எப்படி இருக்கும் என்று ஒரு தடவை விளக்க ஆரம்பித்து, பாதியில் பேக்கரி வாசலில் அடுக்கியிருந்த பெட்டிகளுக்கு ஒரு முழம் தள்ளி பிரேக்கை மிதித்து நிறுத்தினாள். அன்றைக்கு முழுக்க நெஞ்சு தடதடத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் அந்தக் கால் அவள் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. சோஃபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது திரையில் யாராவது ஓடினால் கால் தரையை மிதிக்கும். கடையில் வரிசையில் நிற்கும்போது முன்னால் இருப்பவர் சட்டென்று நின்றால் இவள் செருப்பு டப்பென்று தரையில் அறையும். திரும்பிப் பார்த்து முறைப்பார்கள். ஒரு நாள் காலையில் அவள் கணவன் முழங்காலுக்குக் கீழே எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "நேத்து தூக்கத்துல என்னை மூணு தடவை நிறுத்திட்ட. நான் எங்கயும் போகலையேம்மா, பக்கத்துலதானே படுத்திருந்தேன்" என்றான்.

அதற்கப்புறம்தான் டாக்டரிடம் போனாள். கழுத்து வலி, தாடை வலி, எதற்கெடுத்தாலும் படபடப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவசரம் என்ற ஒன்றையே அறியாத அந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நாடியைப் பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, கடைசியில் பேனாவை எடுத்தார்.

"பயப்பட ஒண்ணும் இல்லை. மாத்திரையும் வேண்டாம். மூச்சு விடுங்க."

"அதை விட்டுக்கிட்டுத்தானே டாக்டர் இருக்கேன்?"

"இல்லைம்மா. நீங்க வந்து உட்கார்ந்ததிலேர்ந்து பார்க்கறேன். இழுத்த மூச்சை உள்ளேயே பிடிச்சு வச்சுக்கிட்டிருக்கீங்க, யாரோ திருப்பிக் கேட்டுடுவாங்கங்கற மாதிரி."

பிறகு சொல்லிக்கொடுத்தார். மூக்கால் நாலு எண்ணி இழுக்க வேண்டும், வயிறு மெல்ல எழும்ப வேண்டும். பிறகு உதட்டைக் குவித்து ஆறு எண்ணி விட வேண்டும். பலூன் ஊதுகிற மாதிரி அல்ல, சூடான டீயை ஊதிக் குடிக்கிற மாதிரி. பத்துத் தடவை போதும். பலவந்தம் கூடாது. தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட வேண்டும். இதையே சீட்டிலும் எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

இவளுக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. இதைக் கேட்கவா காத்திருப்பு அறையில் ஒன்றரை மணி நேரம் பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தோம்? இருந்தாலும் மறுநாள் பல் டாக்டருக்கும் முடிதிருத்துபவருக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் காருக்குள் உட்கார்ந்து செய்து பார்த்தாள். எதையும் அரைகுறையாகச் செய்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிய, இழு இழு என்று இழுத்து, ஊது ஊது என்று ஊதி, பத்துத் தடவை சொன்னதை முப்பது தடவை செய்ததில் கண்ணுக்கு முன்னால் வெள்ளைப் பூச்சிகள் பறந்தன. கொஞ்சம் தலையைச் சாய்த்துக்கொள்வோம் என்று முன்னால் டாஷ்போர்டில் சாய்ந்தாள். அந்த நேரம் பார்த்து முடிதிருத்துபவர் வந்து கதவைத் திறந்தார். கற்றுக்கொடுக்கிறவரே இப்படிக் குப்புறக் கிடப்பதைப் பார்த்ததும், "நான் நாளைக்கு வரேன் மேடம்" என்று கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டு நடையைக் கட்டினார்.

சீட்டை மடித்து ஃப்ரிட்ஜ் மேல் போட்டாள். அத்தோடு முடிந்தது மூச்சு என்று நினைத்தாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் மாமியார் குண்டைத் தூக்கிப் போட்டார்.

மாமியார் முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு மட்டும் மூவரும் ஒன்றாகச் சாப்பிடுவது. அன்று ரொட்டியில் வெண்ணெயைத் தடவிக்கொண்டே, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் கார் ஓட்டக் கத்துக்கறேன்" என்றார்.

"எப்போலேர்ந்தும்மா?" என்றான் மகன்.

"ஏழு மாசமா. நாலு தடவை டெஸ்டுக்குப் போய் நாலு தடவையும் ஃபெயில்."

ரொட்டி மகனுக்குப் புரையேறியது. மருமகளுக்கோ முகம் சுண்டிவிட்டது. வீட்டிலேயே ஒரு டிரைவிங் ஸ்கூல் டீச்சர் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்போது, ஊரின் அந்தக் கோடிக்குப் போய் வேறு ஸ்கூலில் சேர்ந்திருக்கிறார்!

"ஏன் அத்தை, என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உன்கிட்ட கத்துக்கிட்டா நம்ம ரெண்டு பேருக்கும் சண்டை வரும்னு நினைச்சேன். நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு, எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்." மாமியார் கத்தியைக் கீழே வைத்தார். "இப்ப அந்த வாத்தியார் என்னால முடியாதும்மான்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டார். மூணு வாரத்துல அஞ்சாவது டெஸ்ட். நீதான் சொல்லிக்கொடுக்கணும்."

மகன் எழுந்தான். "எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு" என்று சொல்லி வெளியே போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை என்பது வாசல் தாண்டித்தான் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வந்திருந்தாலும் திரும்பி வரவில்லை.

முதல் நாள் பயிற்சி மறக்கக்கூடியதல்ல. மாமியார் சீட்டைச் சரிசெய்தார், கண்ணாடிகளைச் சரிசெய்தார், பெல்ட் போட்டார், இண்டிகேட்டர் போட்டார், கிளட்சை விட்ட விதம் பட்டுத்துணியை மடிப்பது போல இருந்தது. இவ்வளவு சுத்தமாக எடுக்கிறவரா நாலு தடவை தோற்றார் என்று மருமகள் வியந்து முடிப்பதற்குள் கார் நடுத்தெருவில் நின்றுவிட்டது.

"ஏன் அத்தை நிறுத்தினீங்க?"

மாமியார் ஸ்டீயரிங்கில் கையை ஊன்றி, தண்ணீரில் முங்கிக் கரையேறியவர் மாதிரி ஒரு தடவை பெரிதாக இரைத்தார். பிறகு வண்டியை எடுத்தார். தபால்பெட்டி தாண்டி மறுபடியும் நின்றது. மறுபடியும் இரைப்பு. மருந்துக்கடை வாசலில் ஒரு நிறுத்தம். சலவைக்கடைக்கு எதிரே ஒன்று. பின்னால் வந்த பால் வண்டி ஹாரனை விடாமல் அழுத்தியது. ஆறாவது தடவை நின்றபோதுதான் மருமகளுக்கு உறைத்தது. மாமியாரின் முகம் கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது.

"அத்தை! வண்டி ஓடறப்ப நீங்க மூச்சே விடலை!"

"ஓட்டறப்ப அதுக்கு ஏதும்மா நேரம்?" என்றார் மாமியார், உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு.

விசாரித்ததில் அது அவருடைய பழைய பழக்கம் என்று தெரிந்தது. ஊசியில் நூல் கோக்கும்போது, கரும்பலகையில் கணக்குப் போடும்போது, எதிலாவது புத்தி முழுக்கப் போய்விட்டால் மூச்சு நின்றுவிடும். கணக்கு முடிந்து விடையின் அடியில் இரண்டு கோடு போட்ட பிறகுதான் மூச்சு வரும். பெரிய கணக்காக இருந்தால் முதல் பெஞ்சுப் பிள்ளைகள், "டீச்சர் மூச்சு, டீச்சர் மூச்சு" என்று நினைவுபடுத்துவார்களாம். "கணக்குக்கு ஒரு முடிவு உண்டு. இந்த ரோடு முடியவே மாட்டேங்குதே" என்றார்.

மருமகளுக்கு ஃப்ரிட்ஜ் மேல் கிடந்த சீட்டு ஞாபகம் வந்தது. தனக்குப் பலிக்காவிட்டாலும் இவருக்குப் பலிக்கட்டும் என்று தோன்றியது. ஆனால் தன்னிடம் டாக்டர் சொன்னது என்று சொல்ல நாக்கு எழவில்லை. பயம் தெளிவிக்கிற டீச்சருக்கே பயம் என்றால் என்ன மரியாதை? "கார் ஓட்டறதுல புது முறை ஒண்ணு வந்திருக்கு அத்தை" என்று ஆரம்பித்து, நாலையும் ஆறையும் டீயையும் சொன்னாள்.

"இழுக்க நாலு, விட ஆறு. மொத்தம் பத்து செகண்ட்," என்றார் மாமியார் உடனே. "அப்ப நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. சாதாரணமா நாம விடறதுல பாதிகூட இல்லை. விடறது ஏன் நீளம்?"

"அது... அப்படித்தான் அத்தை."

"அப்படித்தான்னா? காரணம் இருக்கணுமே."

"விடறப்பதான் உடம்பு தளருமாம். நெஞ்சு துடிக்கறதும் கொஞ்சம் நிதானமாகுமாம்."

"அப்படிச் சொல்லு. இது காரணம்." மாமியார் கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தார்.

பலித்தது. அளவுக்கு மேலேயே பலித்தது. இரண்டாம் நாள் தபால்பெட்டி, மருந்துக்கடை, சலவைக்கடை மூன்றையும் நிற்காமல் தாண்டினார்கள். மூன்றாம் நாள் கடைத்தெரு வரை போனார்கள். ஆனால் மாமியார் சத்தமாக எண்ணினார். அதோடு, எண்ணி முடிக்காமல் எதுவும் செய்ய மாட்டேன் என்றும் ஒரு விதி வைத்துக்கொண்டார். சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னால் பதினைந்து வண்டிகள். மாமியார் உதட்டைக் குவித்துக்கொண்டு விரல் மடக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை, பச்சை!"

"மூணு... நாலு..."

"அத்தை, போங்க!"

"ஆறு முடியலையே! பாதியில விட்டா விடை தப்பாயிடும்."

"இதுல விடையே கிடையாது அத்தை! மூச்சு அது பாட்டுக்கு ஒரு பக்கம் போகட்டும், நீங்க வண்டியை ஓட்டுங்க!"

அதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது. ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அம்மா இரண்டு கண்ணையும் திறந்துகொண்டுதான் இருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டு திரும்பிப் போனார்.

சண்டை வந்தது எட்டாம் நாள்.

பழைய நூல்மில்லின் மதில் ஓரமாக ஒரு நீளமான தெரு. போக்குவரத்து அதிகம் இல்லாததால் மருமகள் அதைத்தான் பயிற்சிக்கு வைத்திருந்தாள். மாமியார் நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். தெருவின் பாதியில், நல்ல இடைவெளியில், ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்தார். இவள் கால் இவளைக் கேட்காமலே பிரேக்கில் ஏறி மிதித்தது. கார் குலுங்கி நின்றது. மாமியாரின் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது.

"நான் பார்த்தேன்!" என்று கத்தினார் மாமியார். "நிறுத்தத்தான் போனேன்!"

"எப்போ அத்தை?"

"ரெண்டு செகண்ட் கழிச்சு!"

"ரெண்டு செகண்ட்ல என்ன வேணும்னாலும் ஆகும்!"

"அவர் அங்கே இருக்கார். நாம இங்கே இருக்கோம். நடுவுல அறுபது அடி இருக்கு. நான் போனது மணிக்கு இருபது கிலோமீட்டர். கணக்குப் போட்டுக் காட்டவா?" மாமியார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகள் பதில் சொல்லியிருக்கிறார்கள். "நீ முதல்ல மூச்சு விடு."

"நான் விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இல்லை. எட்டு நாளா பார்க்கறேன். நான் பிடிச்சு வைக்கறதை விட்டதிலேர்ந்து இந்தக் கார்ல மூச்சைப் பிடிச்சு வச்சிருக்கறது நீ ஒருத்திதான்." குரல் கொஞ்சம் தணிந்தது. "டாக்டர் சீட்டு உங்க ஃப்ரிட்ஜ் மேல கிடக்குது. உன் பேர் போட்டிருக்கு. பால் எடுக்கறப்ப கண்ணுல பட்டுது. நான் படிச்சு ஒரு வாரமாச்சு."

மருமகளுக்குக் காது மடல் வரை சூடாகிவிட்டது. சைக்கிள்காரர் காரைக் கடந்து போனார். இரண்டு பேரையும் பார்த்து மரியாதையாகத் தலையை வேறு ஆட்டிவிட்டுப் போனார்.

"புது முறையாமே!" என்றார் மாமியார்.

முதலில் சிரித்தது யார் என்று பிறகு இரண்டு பேராலும் சொல்ல முடியவில்லை. ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அடக்கப் பார்த்தார்கள். முடியவில்லை.

சிரித்து ஓய்ந்ததும் மாமியார் ஒரு யோசனை சொன்னார். மருமகள் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். இந்தத் தெருமுனை வரைக்கும் மட்டும். பெல்ட் போட்டிருக்கிறது, பக்கத்தில் ஹேண்ட்பிரேக் இருக்கிறது, தெருவில் ஈ காக்கை இல்லை. கால் மட்டும் கீழே போகக் கூடாது.

"என்னால முடியாது அத்தை."

"நாலு தடவை ஃபெயிலானவ நான் சொல்றேன், முடியும். டீயை ஊது."

செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடித்து உட்கார்ந்தாள். கார் நகர்ந்தது. மடக்கி வைத்த கால் தொடைக்கு அடியில் மீன் மாதிரி துள்ளியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இந்தத் தடவை இழுத்து அமுக்கவில்லை. வந்த அளவுக்கு வரட்டும் என்று விட்டாள். பிறகு உதட்டைக் குவித்து மெல்ல விட்டாள். பக்கத்தில் மாமியாரும் விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேர் ஊதுவதும் சேர்ந்து ஒரே சத்தமாக வந்தது. மூன்றாவது மூச்சில் தோள் கீழே இறங்குவது தெரிந்தது. இத்தனை நாள் அது காதுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்ததே அப்போதுதான் தெரிந்தது. ஐந்தாவது மூச்சில் மதிலைப் பார்த்தாள். ஒன்பது வருடமாக வந்துபோகிற தெரு. மதில் நெடுக யாரோ நீலத்தில் மீன்கள் வரைந்திருந்தார்கள். பாதி அழிந்து, பாதி மிச்சமாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நீந்தின. இதை எப்போது வரைந்தார்கள்?

தெருமுனையில், வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால், ஒரு குலுக்கல் இல்லாமல் கார் நின்றது.

"பார்த்தியா!" என்று மாமியார் ஸ்டீயரிங்கில் இரண்டு கையாலும் தாளம் போட்டார். மருமகள் சம்மணம் போட்டபடியே கைதட்டினாள். இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டது அவள்தான்.

அதற்குப் பிறகு பத்து நாளில் பத்துத் தடவையாவது சண்டை வந்தது, ஒன்றும் நிலைக்கவில்லை. சம்மணம் மில் தெருவில் மட்டும்தான் என்று கறாராக வைத்துக்கொண்டாள். மற்ற இடங்களில் கால் கீழேதான் இருந்தது, ஆனால் தரையில் இருந்தது. முடிதிருத்துபவர் பயந்து பயந்து திரும்பி வந்தார். ஸ்டார்ட் செய்யும் முன் அவரையும் ஐந்து மூச்சு விடச் சொன்னாள். அவர் அன்றைக்கும் வலது என்றால் இடது பக்கம்தான் திரும்பினார். ஆனால் பதறாமல் திரும்பினார், இவளும் பதறாமல் அடுத்த தெருவில் அவரைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வீட்டில் கணவன் ஒரு நாள், "இப்பல்லாம் என்னை நிறுத்தறதே இல்லை. உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

டெஸ்ட் நாள் வந்தது.

மைதானத்துக்குப் போகும்போதே நிலைமை சரியில்லை என்று தெரிந்துவிட்டது. அவர்களுக்கு முன்னால் போன ஒருவர் நடைபாதை மேல் ஏறி இறங்கியிருந்தார். அதற்கு முன்னால் போனவர் வரிசையாக வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்புகளில் ஒன்றை வண்டிக்கு அடியில் சிக்கவைத்து, அது கரகரவென்று அலற, மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்திருந்தார். பரீட்சை எடுக்கும் அதிகாரி தடித்த மனிதர். பேனா மூடியைக் கடித்துக் கடித்துத் தட்டையாக்கியிருந்தார். கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தன. வீட்டில் இரட்டைக் குழந்தைகள் பிறந்து நாற்பது நாள்தான் ஆகிறதாம், காவலாளி சொன்னார்.

மாமியார் ஓட்டும் இடத்தில். அதிகாரி பக்கத்தில். கற்றுக்கொடுத்தவர் பின் சீட்டில் வாயைத் திறக்காமல் உட்காரலாம் என்பது விதி. காரில் ஏறியதும் அதிகாரி இடது கையால் கதவுக்கு மேலே இருந்த பிடியைப் பற்றினார். வண்டி இன்னும் கிளம்பவே இல்லை.

சாலையில் போனது நன்றாகவே போனது. சிக்னலில் மாமியார் ஆறு வரை எண்ணவில்லை. மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார் அதிகாரி. பின்னால் ஒரு வேன் மூக்கை ஒட்டி வந்து நின்று ஹாரனடித்தது. முன்னால் மாமியாரின் உதடு குவிவது கண்ணாடியில் தெரிந்தது. ஒரு நீளமான ஊதல். கார் ஒரு விரல்கூடப் பின்னால் உருளாமல் மேலே ஏறியது.

"என்னம்மா அது சத்தம்?" என்றார் அதிகாரி. "டயர்ல காத்து போகுதா?"

"காத்து போறது என்கிட்டேர்ந்து சார். நாலு இழுத்து ஆறு விடறேன். படபடப்பு போகும்."

அதிகாரி படிவத்தில் ஏதோ எழுதினார்.

கடைசியாக ரிவர்ஸில் எடுத்து இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிறுத்த வேண்டும். மாமியார் கியரைப் போட்டார், கழுத்தைத் திருப்பினார், அப்படியே நின்றார். நிறுத்த வேண்டிய இடத்தின் நட்டநடுவில் ஒரு மஞ்சள் நாய் படுத்திருந்தது. காவலாளி சூ சூ என்றார். நாய் வாலை மட்டும் ஆட்டியது.

"இஞ்சினை நிறுத்துங்கம்மா. அது போகட்டும்" என்றார் அதிகாரி பெருமூச்சுடன்.

இஞ்சின் நின்றது. காருக்குள் அமைதி. வெயில் கண்ணாடி வழியாக இளஞ்சூடாக விழுந்தது. மாமியார் சும்மா இருப்பாரா, மறுபடியும் ஆரம்பித்தார். மெல்லிய குரலில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு டீ. மருமகள் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது சுற்றில் அதிகாரியின் தோளும் கூடவே ஏறியது. மூன்றாவது சுற்றில் பிடியைப் பற்றியிருந்த கை கீழே வந்தது. ஐந்தாவது சுற்றில் அவரும் உதட்டைக் குவித்திருந்தார். எட்டாவதில் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. பத்தாவதில் காருக்குள் புதிதாக ஒரு சத்தம் கேட்டது. முதலில் நாய் உறுமுகிறது என்று நினைத்தாள். நாய் எழுந்து எப்போதோ போய்விட்டிருந்தது.

குறட்டை விட்டது அதிகாரி.

மாமியார் மெதுவாகத் திரும்பினார். கண் இரண்டும் அகல விரிந்திருந்தன. "தூங்கிட்டாரு" என்று வாயை மட்டும் அசைத்தார்.

விதிப்படி மருமகள் பேசக் கூடாது. கைப்பையின் வாரைப் பல்லில் கவ்விக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. "எழுப்பவா?" என்று மாமியார் சைகை செய்தார். இவள் தெரியாது என்று தோளைக் குலுக்கப்போய், அந்தக் குலுக்கல் நிற்காமல் சிரிப்பாகத் தொடர்ந்தது. வாரைக் கவ்வியபடியே சீட்டில் சரிந்தாள். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நாற்பது நாளாகத் தூங்காதவர். எழுப்பவும் மனசு வரவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று, மூன்று ஆயிற்று. படிவம் அதிகாரியின் மடியிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. ஆறாவது நிமிடம் காவலாளி வந்து ஜன்னலைத் தட்டினார்.

அதிகாரி துள்ளி எழுந்தார். "எங்க இருக்கோம்?"

"நீங்க நிறுத்தச் சொன்ன இடத்துலயேதான் சார் இருக்கோம்" என்றார் மாமியார் பணிவாக. "நாய் போயிடுச்சு. இப்ப ரிவர்ஸ் எடுக்கட்டுமா?"

அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். காவலாளியைப் பார்த்தார், பின்னால் வாரைக் கடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். காது சிவந்தது. "எடுங்க" என்றார்.

எடுத்தார். ஒரே வீச்சில், இரண்டு பக்கமும் சரிசமமாக இடம் விட்டு, கார் உள்ளே போய் உட்கார்ந்தது. அதிகாரி இறங்கி இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார். குனிந்தும் பார்த்தார். பிறகு கீழே கிடந்த படிவத்தை எடுத்துத் தூசி தட்டி, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"பாஸ்ம்மா." கொஞ்சம் தயங்கினார். "அது என்ன சொன்னீங்க... இழுக்க நாலா, ஆறா?"

"இழுக்க நாலு, விட ஆறு. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போதும் மாமியார்தான் ஓட்டினார். மைதானத்துக் கேட்டைத் தாண்டும் வரை இருவரும் பெரிய மனுஷிகளாக, நேரே பார்த்துக்கொண்டு வந்தார்கள். தாண்டியதும் மாமியார், "டயர்ல காத்து போகுதா?" என்றார். அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்ததெல்லாம் பீறிட்டது. மருமகள் அதிகாரியின் குறட்டையை விட்டுக் காட்டினாள். மாமியார், "வேண்டாம், வேண்டாம், ரோடு மறைக்குது" என்று கெஞ்சினார்.

அந்த நிலையில்தான் ரவுண்டானா வந்தது. மூன்றாவது வழியில் வெளியே போனால் வீடு. சிரித்ததில் மூன்றாவது வழி கடந்துபோய்விட்டது. பரவாயில்லை என்று இன்னொரு சுற்று வந்தார்கள். இந்தத் தடவை ஒரு பஸ் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. மூன்றாவது சுற்றில் வழி திறந்துதான் இருந்தது. மாமியார் அதைப் பார்த்தார், மருமகளும் பார்த்தாள்.

"இன்னொண்ணு போகலாமா?"

"போலாம் அத்தை!"

நடுவில் செவ்வந்திப் பாத்தி, குடைக்குக் கீழே போக்குவரத்துப் போலீஸ்காரர், கடைகள், பஸ், வங்கி, மறுபடியும் கடைகள், எல்லாம் ராட்டினத்திலிருந்து பார்ப்பதுபோலச் சுற்றி வந்தன. ஐந்தாவது சுற்றில் போலீஸ்காரர் கையை நீட்டி நிறுத்தினார். மாமியார் அழகாக ஓரங்கட்டி, இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியை இறக்கினார்.

"என்னம்மா, வழி தெரியலையா?"

"தெரியுதுங்க. இப்பதான் டெஸ்ட் பாஸ் பண்ணினேன்."

போலீஸ்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கன்னமெல்லாம் கண்ணீர். "எத்தனை தடவைம்மா?"

"சுத்தினதா, ஃபெயிலானதா?"

அவர் மீசைக்கு அடியில் என்னவோ துடித்தது. குடைக்குத் திரும்பிப் போனார். விசிலை ஊதி, நாலு பக்க வண்டிகளையும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, இன்னும் ஒரு சுற்றுக்கு மட்டும் என்று ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டி, அவர்களுக்கு வழிவிட்டார்.